ரேடியோ ஹெலிகாப்டருக்கான சோதனைத் தாங்கி: உணரிகளின் அளவுகள் ஏன் நிலைகொள்ளவில்லை?

கேள்வி: பாமணிக்கரை (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம்.

நானும் என் நண்பர் ஒருவரும் மன்னார்குடி அருகில் உழவு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை நடத்தி வருகிறோம். எங்களிடம் 450 அளவு ரேடியோ ஹெலிகாப்டர் ஒன்று இருக்கிறது. அதன் முதன்மைச் சுழலியின் விட்டம் ஏறத்தாழ 70 செ.மீ.; பேட்டரியுடன் எடை 800 கிராம் அளவில் வரும். அதைப் பறக்கவிடுவதைக் காட்டிலும், தரையில் ஒரு தாங்கியில் கட்டிவைத்து, அது எவ்வளவு தூக்குகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்கிறது, எந்த வேகத்தில் எவ்வளவு அதிர்கிறது என்பவற்றை அளந்து அறிவதே எங்கள் நோக்கம். இந்த ஆர்வத்துக்குக் காரணம் வயல்தான். எங்கள் பகுதியில் குறுவைக்கும் சம்பாவுக்கும் மருந்து தெளிக்க வரும் ட்ரோன்களெல்லாம் பல சுழலிகள் கொண்டவை; சிறிது நேரம் பறந்ததும் பேட்டரி மாற்ற இறங்கிவிடுகின்றன. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-இலேயே ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை நெல்வயல்களுக்கு மருந்தடிக்கக் கொண்டுவந்திருக்கிறது. ஒரே பெரிய சுழலி அதே எடையைக் குறைந்த திறனில் தூக்கும் என்று படித்திருக்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைச் சிறிய இயந்திரத்தில் எங்கள் கையாலேயே அளந்து பார்த்துவிட்டு, பிறகு பெரியதைப் பற்றி யோசிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

இப்போது செய்து வைத்திருக்கும் தாங்கியின் அமைப்பு இது. ஒட்டுப்பலகையின் மேல் 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு இரும்புச் சதுரக் குழாய். அதன் தலையில் 5 கிலோ அளவுள்ள பட்டை வடிவ லோட் செல் (விசையை மின் சமிக்ஞையாக மாற்றும் எடை உணரி). அதன் மேல் 30 செ.மீ. சதுரமான இன்னொரு ஒட்டுப்பலகை; அந்தப் பலகையில் ஹெலிகாப்டரின் கால்கள் கட்டப்பட்டுள்ளன. லோட் செல்லை எச்.எக்ஸ். 711 சில்லு வழியாக ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் பலகை படிக்கிறது. சுழற்சி வேகத்துக்கு அகச்சிவப்பு ஒளியுணரி ஒன்றைப் பிளேடுகளை நோக்கி வைத்திருக்கிறோம். காற்று குறுக்கிடாமலிருக்கப் பழைய நெல் கிடங்கின் ஒரு சிறிய அறையில், கதவை மூடிக்கொண்டு ஓட்டுகிறோம்.

நான்கு விஷயங்கள் புரியவில்லை. சுழலி வேகம் எடுக்கும்போது நிமிடத்துக்கு 1200, 1300 சுற்று அளவில் தாங்கி முழுவதும் கடுமையாக ஆடுகிறது. அதைக் கடந்ததும் ஓரளவு அடங்குகிறது. அடுத்து, பிளேடின் கோணத்தை மாற்றாமலே காலையில் கிடைக்கும் தூக்குவிசைக்கும் பிற்பகலில் கிடைப்பதற்கும் 8 விழுக்காடு வரை வேறுபாடு தெரிகிறது. மூன்றாவதாக, ஒளியுணரி பல நேரங்களில் 3000 சுற்று என்ற எண்ணிலேயே ஒட்டிக்கொள்கிறது. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டால் வேகம் மாறுவது தெளிவாகத் தெரிகிறது, எண் மட்டும் மாறுவதில்லை. கடைசியாக, மின்னோட்டத்தை அளக்க ஐ.என்.ஏ. 226 உணரிப் பலகை ஒன்று வாங்கியிருக்கிறோம். அதை அப்படியே பேட்டரி வழியில் இணைக்கலாமா? இன்னும் துல்லியமான உணரிகளை வாங்கினால் இவை தீருமா, அல்லது தாங்கியையே மாற்ற வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

---

மறுமொழி: அரசலாறு (கும்பகோணம்)

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உணரிகளில் பணம் போடாதீர்கள், தாங்கியை மாற்றுங்கள். நான் பல ஆண்டுகள் கடைசல் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சுழலும் பொருளை எதன் மேல் நிறுத்துகிறோமோ, அதுவும் அளவீட்டின் ஒரு பகுதி என்பதை அந்த வேலை கற்றுக்கொடுத்தது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கின் தண்டைக் கடைபவர்கள், உளியைக் குறை சொல்வதற்கு முன்னால் கடைசல் எந்திரத்தின் அடிப்பாகம் ஆடுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

1250 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 21 சுற்று. உங்கள் தாங்கியைக் கையால் தட்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண்ணும் 21 ஹெர்ட்ஸ் அளவிலேயே இருக்க வேண்டும். சுழலியின் வேகம் அந்த எண்ணைத் தொடும்போது சிறிய சமநிலைக் குறைவும் பெரிய ஆட்டமாக வளர்ந்துவிடுகிறது. இதை உறுதிசெய்வது எளிது. சுழலியை ஓட்டாமல், கைப்பேசியைத் தாங்கியின் தலையில் இறுக்கமாகக் கட்டி, ஃபைஃபாக்ஸ் செயலியில் முடுக்க அலைமாலையைத் திறந்துவைத்து, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். எந்த அதிர்வெண்ணில் முகடு எழுகிறதோ அதுவே உங்கள் தாங்கியின் இயல் அதிர்வெண். கைப்பேசியின் எடையும் சேர்ந்திருப்பதால் உண்மையான எண் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இதற்கு ஒரு எளிய கணக்கும் உண்டு. தாங்கியின் தலையை, மேலே இருக்கும் மொத்த எடைக்குச் சமமான விசையால் பக்கவாட்டில் இழுத்து, அது எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜில் (மிகச் சிறிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தால் இயல் அதிர்வெண் 21 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். 0.1 மி.மீ. நகர்ந்தால் 50 ஹெர்ட்ஸ். 0.05 மி.மீ. மட்டுமே நகர்ந்தால் 70 ஹெர்ட்ஸ். இதில் நடுவில் இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது 3000 சுற்று. நீங்கள் நீண்ட நேரம் நிறுத்தி அளக்க விரும்பும் வேகத்தின் மேலேயே அது வந்து அமர்கிறது. ஆகையால், குழாயை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கி, ஓரிரு தாங்குக் கம்பிகளைப் பற்றவைத்து, அரைகுறையாக விறைப்பைக் கூட்டினால், இப்போது கடந்துபோகும் ஆட்டம் நிலையாக உட்கார்ந்துவிடும். கூட்டுவதென்றால் 70 ஹெர்ட்ஸ் வரை கூட்ட வேண்டும். 2800 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு 47 ஹெர்ட்ஸ். இரண்டு பிளேடுகள் இருப்பதால் ஒரு சுற்றுக்கு இருமுறை வரும் அதிர்வு 93 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையிலுள்ள 70 நல்ல இடம்.

தாங்கியை இப்போதிருக்கும் மென்மையிலேயே விட்டுவிட்டு 1250-ஐ வேகமாகக் கடந்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். பிளேடுகள் ஒரே போல்ட்டில் பிடிக்கப்பட்டிருப்பதால் சுழலும் தளத்திலேயே முன்னும் பின்னும் சற்று அசையும். அந்த அசைவு தரையில் நிற்பவருக்குச் சுழற்சி அதிர்வெண்ணின் ஏறத்தாழ பாதியில் தெரியும். 2800 சுற்றில் அது 20-லிருந்து 25 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. உங்கள் தாங்கியும் அங்கேதான் நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கத் தொடங்கினால் சில நொடிகளில் இயந்திரம் சிதறும். பெரிய ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றபடியே நொறுங்கியதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கிறது. தரை ஒத்ததிர்வு என்று அதற்குப் பெயர்.

இனிச் செய்ய வேண்டியது: ஒட்டுப்பலகையை அடியிலிருந்து அகற்றிவிட்டுக் கனமான கல்லைப் பயன்படுத்துங்கள். நம்முடைய வண்டல் நாட்டில் கல் விளைவதில்லை. எல்லாம் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து வந்தவைதான். ஆனாலும் பழைய வீடுகளின் புழக்கடையில் ஆட்டுக்கல்லோ வேலிக் கல்காலோ கிடக்கத்தான் செய்கிறது. அதைச் சிமெண்டுத் தளத்தில் கலவை வைத்துப் பதித்து, துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கி, அதன் மேல் நான்கு அங்குலக் கனத்த குழாயை முக்கோணத் தாங்குத் தகடுகளுடன் நிறுத்துங்கள். ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண் தரையில் நேரடியாக ஊன்ற வேண்டாம்; பருவம் மாறும்போது நேர்க்குத்து மாறிவிடும். லோட் செல்லையும் 5 கிலோவுக்குப் பதில் 20 கிலோ அளவுக்கு மாற்றுங்கள். பெரிய செல் குறைவாக வளையும்; அதனால் தாங்கியின் தலை விறைப்பாகும். எச்.எக்ஸ். 711 சில்லின் நுணுக்கம் போதுமான அளவுக்கு இருப்பதால் ஒரு கிராம் வேறுபாட்டை அப்போதும் காண முடியும்.

---

மறுமொழி: ஓடம்போக்கி (திருவாரூர்)

அரசலாறு ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. மின்னணுப் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஐ.என்.ஏ. 226 பலகையை அப்படியே இணைக்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் சிறிய பலகைகள் பலவற்றில் 0.1 ஓம் மின்தடை வைக்கப்பட்டிருக்கும். ஆர்100 என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்தச் சில்லு மின்தடையின் குறுக்கே 81.92 மில்லிவோல்ட் வரைதான் அளக்கும் என்பதால் 0.8 ஆம்பியருக்கு மேல் அதற்குத் தெரியாது. உங்கள் ஹெலிகாப்டர் மிதக்கும் நிலையிலேயே 12, 15 ஆம்பியர் எடுக்கும். அந்த மின்னோட்டத்தில் 0.1 ஓம் மின்தடை 14 முதல் 22 வாட் வரை சூடாகிக் கருகிவிடும். அதை நீக்கிவிட்டு, 1 மில்லிஓம் மதிப்புள்ள தனி ஷன்ட் (மின்னோட்டத்தை அளப்பதற்கான மின்தடை) ஒன்றைத் தடித்த கம்பிகளுடன் பேட்டரி வழியில் வைத்து, அதன் இரு முனைகளிலிருந்து மெல்லிய கம்பிகளைச் சில்லுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது 80 ஆம்பியர் வரை அளக்கலாம். மின்னழுத்த எல்லை 36 வோல்ட். மூன்று செல், ஆறு செல் பேட்டரிகளுக்கு இது போதும், பன்னிரண்டு செல்லுக்குப் போதாது.

ஒளியுணரி 3000-இல் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உங்கள் அறையிலுள்ள டியூப் லைட் என்றே கருதுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகிறது. இரண்டு பிளேடுகள் உள்ள சுழலி 3000 சுற்றில் உணரியை நொடிக்குச் சரியாக 100 முறை கடக்கும். உணரி பிளேடை எண்ணாமல் விளக்கை எண்ணிக்கொண்டிருக்கிறது. விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகளிலும் இதே சிக்கல் வரும். இதை வெறும் அளவீட்டுப் பிழையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதே வெளிச்சத்தில் 3000 சுற்றில் ஓடும் சுழலி கண்ணுக்கு நின்றுவிட்டது போலவே தெரியும். அந்த அறையில் அந்த விளக்கின் கீழ் யாரும் இயந்திரத்தை நெருங்கக் கூடாது. ஒளியுணரியை நீக்கிவிட்டு, முதன்மைப் பல்சக்கரத்தில் சிறிய காந்தம் ஒன்றையும், அதற்கு நேர் எதிரில் எடை சமன் செய்ய ஒரு சிறு திருகையும் ஒட்டி, அருகில் காந்தத்தை உணரும் ஹால் உணரியைப் பொருத்துங்கள். விளக்கு, வெயில் எதுவும் அதைப் பாதிக்காது.

எச்.எக்ஸ். 711 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பலகைகளில் அது நொடிக்கு 10 அளவுகள் தரும்படி இணைக்கப்பட்டிருக்கும். சில்லின் 15ஆவது காலை நேர்மின் பக்கம் மாற்றினால் 80 கிடைக்கும். ஆனால் 80 கிடைத்தாலும் 47 ஹெர்ட்ஸ் அதிர்வை அதைக் கொண்டு அளக்க முடியாது, ஏனெனில் நொடிக்கு 80 முறை பார்ப்பவருக்கு 40 ஹெர்ட்ஸுக்கு மேலானவை பொய்யான வேறு அதிர்வெண்ணாகவே தோன்றும். ஆகவே லோட் செல்லைச் சராசரித் தூக்குவிசைக்கு மட்டும், 10 என்ற வேகத்திலேயே வைத்துக்கொண்டு, அதிர்வுக்கு ஏ.டி.எக்ஸ்.எல். 345 போன்ற முடுக்க உணரியைத் தனியே பொருத்துவதுதான் முறை. அது நொடிக்கு 3200 அளவுகள் வரை தரவல்லது. லோட் செல்லின் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, மோட்டார் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லுங்கள். உணரிகளுக்கான மின்சாரத்தை ஹெலிகாப்டரின் பேட்டரியிலிருந்து எடுக்காமல் தனிப் பவர் பேங்கிலிருந்து கொடுங்கள்.

எடை திருத்தத்துக்கு மளிகைக் கடைகளில் இருக்கும் முத்திரையிட்ட இரும்பு எடைக்கற்களைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே கற்களை வைத்துப் பார்ப்பது நல்லது. கடலை ஒட்டிய பகுதிகளில் லோட் செல்லின் மேலுள்ள வெள்ளைப் பசை உரிந்து ஈரம் இறங்கினால் சுழி நிலை மெல்ல நகரத் தொடங்கும். மன்னார்குடியில் அவ்வளவு தொல்லை இராது என்றாலும் மழைக்காலத்தில் கவனம் தேவை.

---

மறுமொழி: குடமுருட்டி (தஞ்சாவூர்)

பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் பணியில் இருப்பவன் என்ற முறையில், காற்றைப் பற்றி எழுதுகிறேன். மேலே இருவரும் தாங்கியையும் உணரியையும் சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் அளக்கும் எண்ணில் அறை, தரை, பலகை மூன்றும் கலந்திருக்கும்.

முதலாவது பலகை. சுழலி 8 நியூட்டன் விசையோடு தூக்கும்போது அதன் தளத்தில் காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது. கீழே போகப் போக 6 மீட்டர் வரை வேகம் பிடிக்கும். அந்தக் காற்று, லோட் செல்லுக்கு மேலே இருக்கும் 30 செ.மீ. சதுரப் பலகையை அழுத்துகிறது. அரை நியூட்டனிலிருந்து இரண்டு நியூட்டன் வரை இப்படிக் கழிந்துபோகலாம். பலகைக்குப் பதிலாக, ஹெலிகாப்டரின் கால்களைப் பிடிக்க மெல்லிய இரண்டு அலுமினியப் பட்டைகள் போதும்.

இரண்டாவது தரை. சுழலி தரைக்கு அருகில் இருந்தால் கூடுதலாகத் தூக்கும். சீஸ்மேன், பென்னட் என்ற இருவர் 1955-இல் கொடுத்த எளிய தொடர்பு இன்றும் பயன்படுகிறது: சுழலியின் ஆரத்தைத் தரையிலிருந்துள்ள உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து, அந்த எண்ணால் ஒன்றை வகுத்தால், தூக்குவிசை எத்தனை மடங்காகிறது என்பது கிடைக்கும். உங்கள் சுழலி தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் 4 விழுக்காடு கூடுதல். உயரத்தை 70 செ.மீ., அதாவது ஒரு விட்டம் அளவு ஆக்கினால் அது 1.6 விழுக்காடாகிவிடும். ஒரு மீட்டருக்கு உயர்த்தினால் மறந்துவிடலாம். உயர்த்தும்போது அரசலாறு அவர்கள் கேட்கும் விறைப்பு குறையும் என்பது உண்மைதான். கல்காலின் உயரத்தையே கூட்டிக்கொண்டு, மேலே வரும் குழாயைக் குட்டையாக வைத்தால் இரண்டும் நிறைவேறும்.

மூன்றாவது அறை. மூடிய சிறிய அறையில் கீழே தள்ளப்பட்ட காற்று சுவரில் ஏறி மீண்டும் சுழலிக்குள் வந்து விழுகிறது. சுழலி தானே கலக்கிய காற்றில் ஓடுகிறது, அளவு தடுமாறுகிறது. வெளியே களத்துக்கு வாருங்கள். ஆடிக் காற்று வீசும் நாட்களில் முடியாது. மற்ற மாதங்களில் விடியற்காலையில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் காற்று அநேகமாக அசையாமல் இருக்கும்.

இனிக் காலை, பிற்பகல் வேறுபாடு. வெப்பநிலை 26 பாகையிலிருந்து 36 பாகைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி 3 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. ஈரம் கூடினாலும் அடர்த்தி சிறிது குறையும், ஏனெனில் நீராவி காற்றைவிட இலேசானது. அதே கோணத்தில், அதே வேகத்தில் தூக்குவிசை அடர்த்திக்கு நேர் விகிதத்தில் இறங்கும். மீதமுள்ள வேறுபாடு வேகத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பேட்டரி இறங்க இறங்கச் சுற்றுகள் குறையும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகத்தில் 3 விழுக்காடு குறைந்தாலே விசையில் 6 விழுக்காடு போய்விடும். உங்கள் வேகமானி 3000-இல் நின்றுகொண்டிருந்ததால் அது உங்கள் கண்ணுக்குப் படவில்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யில் கவர்னர் முறையை இயக்கி வேகத்தை நிலையாகப் பிடியுங்கள், பி.எம்.இ. 280 உணரி ஒன்றைச் சேர்த்து வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றையும் ஒவ்வொரு அளவோடும் பதியுங்கள். பிறகு விசையை அப்படியே ஒப்பிடாமல், அதை அடர்த்தி, சுழலியின் பரப்பு, பிளேடு முனைவேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்துக் கிடைக்கும் கெழுவை ஒப்பிடுங்கள். தையில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

உங்களுடைய உண்மையான கேள்வி ஒரு வாட்டுக்கு எவ்வளவு தூக்குகிறது என்பது. இதில்தான் இந்தத் தாங்கியின் முழுப் பயனும் இருக்கிறது. 800 கிராமைத் தூக்க 70 செ.மீ. விட்டமுள்ள சுழலிக்குக் கோட்பாட்டின்படி 23 வாட் போதும். ஆனால் 2800 சுற்றில் பிளேடுகளைக் காற்றில் இழுத்துச் சுற்றுவதற்கு மட்டும், என் கணக்கில், 70 வாட் அளவில் செலவாகும். மோட்டார், பல்சக்கர இழப்புகளையும் சேர்த்தால் பேட்டரியில் 140 வாட் அளவுக்குத் தெரியும். தூக்குவதற்குச் செலவாவதைக் காட்டிலும் சுற்றுவதற்குச் செலவாவதே பெரும்பகுதி. அந்தப் பெரும்பகுதி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. 2800-லிருந்து 2000-க்கு இறக்கி, அதே விசை கிடைக்கும்படி பிளேடின் கோணத்தைக் கூட்டினால், 70 வாட் 25 வாட்டாகக் குறையும். வித்தை காட்டிப் பறப்பவர்கள் அதிக வேகத்தை விரும்புவார்கள். வயலின் மேல் நிதானமாக மருந்து சுமக்க வேண்டிய இயந்திரத்துக்குக் குறைந்த வேகமும் பெரிய கோணமுமே ஏற்றவை. எந்த இடத்துக்குக் கீழே இறக்கினால் பிளேடு காற்றைப் பிடிக்காமல் திணறத் தொடங்குகிறது என்பதைக் கணக்கு சரியாகச் சொல்லாது; தாங்கிதான் சொல்ல வேண்டும். 2800, 2600, 2400 என்று இறங்கி, ஒவ்வொரு வேகத்திலும் கோணத்தை ஒவ்வொரு பாகையாகக் கூட்டி எடுத்த வரைபடம் உங்களிடம் இருந்தால், அதை இங்கே பகிருங்கள். என் மாணவர்களுக்கும் அது பயன்படும்.

---

பாமணிக்கரை (மன்னார்குடி)

ஐயா மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். முகடு 20 ஹெர்ட்ஸ் அருகில்தான் எழுகிறது. டியூப் லைட்டை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் ஓட்டியபோது ஒளியுணரியின் எண் உடனே அசையத் தொடங்கியது. கல்காலுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. மின்திறனை மட்டும் அளந்தால் மோட்டாரின் இழப்பும் சேர்ந்துவிடுகிறதே, சுழலியின் முறுக்குவிசையைத் தனியே அளக்க வழி உண்டா? அளக்கும்போது வால் சுழலி ஓட வேண்டுமா? வெளியே களத்தில் ஓட்டுவதென்றால் பாதுகாப்புக்கு என்ன செய்வது?

---

மறுமொழி: நாகைக் கடற்கரை

பாதுகாப்பைப் பற்றி நான் சொல்கிறேன். நான் இவ்வகை ஹெலிகாப்டர்களை நீண்ட காலமாகப் பறக்கவிடுபவன். தாங்கியில் கட்டப்பட்டிருப்பதால் இது பறப்பதைவிட ஆபத்துக் குறைந்தது என்ற எண்ணம் வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். 2800 சுற்றில் பிளேடின் முனை மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 30 கிராம் எடையுள்ள ஒரு பிளேடு தன் போல்ட்டை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசையால் வெளிப்புறம் இழுத்துக்கொண்டிருக்கும். ஒன்று கழன்றால் அது நேராகப் பறக்கும். மற்றொன்றின் 50 கிலோ இழுவையும் தாங்கியின் தலையைச் சுழற்றி இழுக்கும். அரசலாறு ஐயா கேட்ட கனமான அடித்தளம் அளவீட்டுக்கு மட்டுமன்றி இதற்காகவும் தேவை. 2013-இல் நியூயார்க்கில் தன் ஹெலிகாப்டரின் பிளேடு பட்டு 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அது உங்களுடையதைவிடப் பெரிய இயந்திரம். நீங்கள் அடுத்து அதே அளவுக்குத்தான் போக நினைக்கிறீர்கள்.

சுழலும் தளத்தின் உயரத்தில் எந்தத் திசையிலும் ஆள் நிற்கக் கூடாது. நெல் சாக்குகளில் மணல் நிரப்பி, சுழலியின் உயரத்துக்கு மேலும் இரண்டு அடி வரை அடுக்கி, அதன் பின்னாலிருந்து இயக்குங்கள். இயந்திரத்தைக் கைப்பேசிக் கேமரா வழியாகப் பாருங்கள். அடுக்கு சுழலியிலிருந்து சில மீட்டர் தள்ளி, ஒரே பக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் குடமுருட்டி ஐயா சொன்ன காற்றுத் திரும்பல் மறுபடியும் வந்துவிடும். மற்ற பக்கங்கள் ஆளில்லாத திறந்த வெளியாக இருக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்தில் எப்போதும் குழந்தைகள் இருப்பார்கள். அந்த நாட்களில் ஓட்டாதீர்கள். சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரில் அமைத்து, பிளேடுகள் இல்லாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்து அதைச் சோதியுங்கள். பிளேடுகளைச் சோடியாக எடை போட்டுச் சமன் செய்யுங்கள். முனையில் ஒரு கிராம் வேறுபட்டால் இந்த வேகத்தில் 30 நியூட்டன், அதாவது மூன்று கிலோ விசை, சுழன்றுகொண்டே தாங்கியை இழுக்கும். உங்கள் முதல் ஆட்டத்தில் இதற்கும் பங்கு இருக்கக்கூடும்.

எப்போதாவது தாங்கியிலிருந்து எடுத்துப் பறக்கவிட நினைத்தால், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளையும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அதைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் உண்டு.

---

மறுமொழி: அரசலாறு (கும்பகோணம்)

முறுக்குவிசையைத் தனியே அளக்கலாம், தம்பி. கடினமான வேலை அல்ல. லோட் செல்லுக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவில் ஒரு கோண-தொடு பேரிங் சோடியை வைத்து, ஹெலிகாப்டர் நேர்க்குத்து அச்சில் தடையின்றித் திரும்பும்படி செய்யுங்கள். பேரிங்கின் மையமும் சுழலித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் வர வேண்டும். பிறகு பக்கவாட்டில் 10 செ.மீ. நீளமுள்ள ஒரு கை நீட்டி, அதன் நுனி 1 கிலோ அளவுள்ள இன்னொரு சிறிய லோட் செல்லைத் தள்ளும்படி வையுங்கள். அந்தச் சிறிய செல்லின் மறுமுனையைத் தூக்குவிசை செல்லுக்கு மேலே நிற்கும் பகுதியிலேயே பிடித்துவிட வேண்டும். கீழே நிலையான குழாயில் பிடித்தால் தூக்குவிசையின் ஒரு பங்கு அதன் வழியாகக் கசிந்துவிடும். சுழலி 100 வாட் எடுத்துக்கொண்டு 2800 சுற்றில் ஓடினால் முறுக்குவிசை 0.34 நியூட்டன் மீட்டர், 10 செ.மீ. கையின் நுனியில் அது 350 கிராம் அளவில் தெரியும். பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருந்தால் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் இடுங்கள். உராய்வு இருந்தால் ஏறும்போது ஓர் எண்ணும் இறங்கும்போது வேறோர் எண்ணும் வரும்.

வால் சுழலியின் பிளேடுகளைக் கழற்றிவிட வேண்டும். அவை இருந்தால் முதன்மைச் சுழலியின் முறுக்கை அவையே எதிர்த்துத் தள்ளி ஏறத்தாழச் சுழியாக்கிவிடும். சிறிய செல் ஒன்றையும் காட்டாது. வாலுக்குத் திறனைக் கொண்டுசெல்லும் பட்டை வெறுமனே ஓடுவதில் ஏற்படும் சிறு இழப்பு முறுக்குவிசையில் சேராது, பேட்டரியின் வாட் அளவில் சேர்ந்திருக்கும். அதைத் தனியே அறிய வேண்டுமென்றால் முதன்மைப் பிளேடுகளையும் கழற்றிவிட்டு ஒருமுறை அதே வேகத்தில் ஓட்டி, பேட்டரியிலிருந்து போகும் வாட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வெற்று ஓட்டத்தை முதலில் செய்வது இன்னொரு வகையிலும் நல்லது. பிளேடு இல்லாதபோதே தாங்கி எங்காவது ஆடினால் தண்டோ பல்சக்கரமோ வளைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பிளேடுகளை மாட்ட வேண்டாம்.